பேஸ்மட்டம் முதல் முகடு வரை: மைன்கிராஃப்ட் கட்டடங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன: "கட்டி முடித்தாயிற்று, ஆனால் கட்டடமாகத் தெரியவில்லை." கட்டட உறுப்புகளின் பெயரும் அவை எதற்காக இருக்கின்றன என்பதும் தெரிந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும். மைன்கிராஃப்ட் என்பது பிளாக் எனும் கனசதுரங்களை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டு. கீழே உள்ள அளவுகள் எல்லாம் மோட் (பிறர் செய்து சேர்க்கும் மாற்றம்) எதுவும் சேர்க்காத விளையாட்டுக்கானவை. ஒரு பிளாக்கின் பக்கம் ஒரு மீட்டர். பாத்திரத்தின் உயரம் 1.8 பிளாக், அகலம் 0.6.

கேள்வி: வெளி அளவு 9-க்கு 7, உயரம் 5. நல்ல செங்கல், நல்ல மரம், நிறையக் கண்ணாடி. இருந்தும் வீடு தீப்பெட்டி மாதிரியே நிற்கிறது. வேறு என்ன பிளாக் போடலாம்?

பிளாக்கை மாற்ற வேண்டாம். சுவர் முழுவதும் ஒரே தளத்தில் இருப்பதுதான் சிக்கல். இந்த விளையாட்டில் ஒவ்வொரு முகத்துக்கும் அது பார்க்கும் திசையை வைத்தே வெளிச்சம் தரப்படுகிறது. மேல்முகம் அதிக வெளிச்சம், பக்க முகங்கள் கொஞ்சம் மங்கல், அடிமுகம் இருட்டு. தட்டையான சுவரில் எல்லாப் பிளாக்கும் ஒரே திசையைப் பார்ப்பதால் ஒரே நிறம் அப்பியதுபோல் ஆகிவிடும். உள்மூலை இருக்கும் இடத்தில்தான் நிழல் விழும். அதற்கும் வீடியோ அமைப்பில் ஸ்மூத் லைட்டிங் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி ஒரு பிளாக் வெளியே தூண்களை நிறுத்துங்கள். இப்போது வெளி அளவு 11-க்கு 9 ஆகும். 11 நீளப் பக்கத்தில் 1, 6, 11-வது இடங்களில் தூண் வையுங்கள். தூண்களுக்கு நடுவே 4 பிளாக் கிடைக்கும், 2 பிளாக் அகல ஜன்னல் அதன் நடுவில் சரியாக உட்காரும். வாசல் இருக்கும் 9 பக்கத்துக்கு இரண்டு மூலைத் தூண்கள் மட்டும் போதும். நடு இடைவெளி 7, கதவு அதன் மையத்தில், மொத்தத்தில் 5-வது இடத்தில் வரும். தூண்களின் தலைகளை இணைத்து ஒரு வரிசை மரத்தடி ஓட்டினால் அதுதான் உத்திரம். மரத்தடியைத் தரையையோ மேற்பரப்பையோ அழுத்தி வைத்தால் நிமிர்ந்து நிற்கும். இன்னொரு பிளாக்கின் பக்க முகத்தை அழுத்தி வைத்தால்தான் படுக்கும். உத்திரத்தில் நெட்டுக்கு நிற்கும் மரக்கோடுகளைப் பல படங்களில் பார்க்க முடிகிறது. கட்டியவருக்கு அது உறுத்துவதில்லை, பார்ப்பவருக்கு உறுத்தும்.

தரை மட்டத்தில் தூண்களுக்கு நடுவே, சுவரை ஒட்டி, ஒரு வரிசை கல் ஸ்டேர் (படி வடிவப் பிளாக்) வையுங்கள், தாழ்ந்த பக்கம் வெளியே பார்த்தபடி. இதுதான் பேஸ்மட்டம். சுவரைவிட அடர்ந்த நிறமாக இருக்கட்டும். சாதாரணக் கற்சுவருக்கு டீப்ஸ்லேட் (கருஞ்சாம்பல் கல்), மரச்சுவருக்குக் காபிள்ஸ்டோன் (கரடுமுரடான சாம்பல் கல்) போதும். இவ்வளவு சிறிய வீட்டில் ஒரு பிளாக் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள், தூண்களே வீட்டை விழுங்கிவிடும்.

கேள்வி: ஜன்னல் என்றால் ஓட்டை போட்டுக் கண்ணாடி வைப்பதுதானே? சில், லிண்டல், முல்லியன் என்றெல்லாம் சொல்கிறார்களே, எதற்கு?

சில் என்பது ஜன்னலின் அடிப்படுகை. லிண்டல் மேலே சுமை தாங்கும் கட்டை. முல்லியன் ஜன்னலை நெட்டுக்குப் பிரிக்கும் தண்டு. உண்மையில் மழைநீர் வடிய, சுவரின் பாரம் தாங்க, பெரிய கண்ணாடியைப் பகுக்க இவை வந்தன. விளையாட்டில் இவை மூன்றும் ஓட்டைக்குச் சட்டமாக நிற்கின்றன.

முழுக் கண்ணாடிப் பிளாக்கை விடுத்து கிளாஸ் பேன் (மெல்லிய கண்ணாடித் தகடு) போடுங்கள். அது பிளாக்கின் நடுவில் ஒரு பிளாக்கில் எட்டில் ஒரு பங்கு தடிமனில் நிற்பதால் வெளிப்பக்கம் தானாகவே ஒரு குழிவு கிடைக்கும். 6 கண்ணாடிக்கு 16 பேன் கிடைப்பதால் பொருளும் மிச்சம். சில் மட்டத்தைத் தரையிலிருந்து 1 பிளாக் மேலே வையுங்கள். நிற்கும் பாத்திரத்தின் கண் 1.62-இல் இருக்கிறது, ஆகவே இரண்டாவது பிளாக்கில் தொடங்கும் ஜன்னல் வழியே வெளியே தெரியும். ஒரு பிளாக் ஏற்றி வைத்தால் உள்ளே இருப்பவருக்கு வானம் மட்டும்தான்.

சில்லுக்கு ஜன்னலின் கீழ், சுவரின் வெளிமுகத்தில், மேல் பாதியில் ஒட்டிய ஸ்லாப் (அரை உயரப் பிளாக்) அல்லது தலைகீழ் ஸ்டேர். லிண்டலுக்கு மேலே அதேபோல் ஒரு ஸ்லாப் வரிசை, ஜன்னலைவிட இரு பக்கமும் ஒரு பிளாக் நீட்டி. அந்த நீட்டல் முக்கியம். உண்மையான லிண்டல் இரு பக்கச் சுவரிலும் ஏறி உட்கார்ந்தால்தான் பாரம் தாங்கும். ஜன்னல் அகலத்திலேயே வெட்டி நிறுத்தினால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். மூன்று பிளாக்குக்கு மேல் அகலமான ஜன்னல் என்றால் நடுவில் ஃபென்ஸ் (வேலி) அல்லது இரும்புக் கம்பியால் ஒரு முல்லியன் நிறுத்துங்கள்.

ஜன்னல் கதவுக்கு டிராப்டோர் (தரையில் போடும் மடக்குக் கதவு). ஜன்னலின் இரு பக்கச் சுவரின் வெளிமுகத்தை அழுத்தி வைத்து, பிறகு திறந்துவிடுங்கள். சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். மர டிராப்டோர் கையால் திறக்கும். இரும்பு டிராப்டோருக்கு ரெட்ஸ்டோன் (விளையாட்டில் மின்சாரம் போன்றது) வேண்டும்.

கேள்வி: முதல் பதிலில் வருவதுபோன்ற வீட்டுக்குக் கூரை போட எத்தனை ஸ்டேர் ஆகும்? முகட்டில் எப்போதும் ஏதோ ஒன்று பொருந்தாமல் போகிறது.

முகட்டுச் சிக்கலை முதலில் தீர்ப்போம். கூரையின் அகலம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்தது அது. ஒற்றைப்படை என்றால் இரு சரிவும் சேரும் இடத்தில் ஒரு வரிசை மிஞ்சும். அதில் ஒரு முழுப் பிளாக்கும் அதன் மேல் ஒரு ஸ்லாப்பும் வைக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் இரண்டு ஸ்டேர் முதுகோடு முதுகாகச் சேர்ந்து முடிந்துவிடும். இரண்டுமே சரிதான். ஆனால் நடுவில் கதவு, நடுவில் வட்ட ஜன்னல், நடுவில் ஆர்ச் என்று மையம் தேவைப்படும் வீட்டுக்கு ஒற்றைப்படையே நல்லது. தரைத்திட்டம் போடும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. கூரை ஏறிய பிறகு திருத்த வழியில்லை.

இப்போது கணக்கு. தூண்களோடு வீடு 9-க்கு 11. சுற்றிலும் ஒரு பிளாக் இறவாரம் நீட்டினால் கூரை 11 அகலம், 13 நீளம். இரு சரிவுக் கூரைக்குப் பக்கத்துக்கு 5 வரிசை, ஆக 5 × 2 × 13 = 130 ஸ்டேர். முகட்டுக்கு 13 பிளாக், 13 ஸ்லாப். பொருள் செய்யும் மேசையில் (கிராஃப்டிங் டேபிள்) செய்தால் 6 பிளாக்குக்கு 4 ஸ்டேர்தான் கிடைக்கும், ஆகவே 33 முறை செய்ய வேண்டும். அதற்கு 198 பலகை. ஸ்லாப் 3 பலகைக்கு 6 என்பதால் 9 பலகை. மொத்தம் 220 பலகை, அதாவது 55 மரத்தடி. இதே கூரையைக் கல்லில் போட்டு ஸ்டோன்கட்டரில் (கல் வெட்டும் கருவி) வெட்டினால் ஒரு பிளாக்குக்கு ஒரு ஸ்டேர், ஒரு பிளாக்குக்கு இரண்டு ஸ்லாப். 150 பிளாக்கில் வேலை முடிந்துவிடும். ஸ்டோன்கட்டர் மரத்தை வெட்டாது.

ஸ்டேர் மட்டும் போட்டால் சரிவு 45 டிகிரி. ஸ்லாப் மட்டும் போட்டால் ஒரு பிளாக்குக்கு அரைப் பிளாக் ஏறும், சுமார் 27 டிகிரி. முழுப் பிளாக்கின் மேல் ஸ்டேர் வைத்து ஏற்றினால் ஒரு பிளாக் உள்ளே போக இரண்டு பிளாக் உயரும், சுமார் 63 டிகிரி. இந்த மூன்றையும் கலக்கத் தெரிந்தால் கூரை வகைகள் எல்லாம் வசப்படும். கீழ்ப்பாதி செங்குத்தாகவும் மேல்பாதி படுக்கையாகவும் இரு பக்கம் மட்டும் இருந்தால் அது கேம்பிரல், நான்கு பக்கமும் அப்படி இருந்தால் மேன்சார்ட். மேன்சார்டின் செங்குத்துப் பகுதியில் சிறு கூரையோடு துருத்தி நிற்கும் ஜன்னல் டார்மர். நான்கு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும் கூரையில் மூலை ஸ்டேர்கள் தாமாகவே வளைந்து பொருந்திக்கொள்ளும். இரண்டு கூரைகள் குறுக்கே சேரும் உள்மூலைப் பள்ளத்திலும் அப்படியே.

இறவாரத்தின் அடிப்பக்கத்தை வெறுமனே விடாதீர்கள். கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கடைசி வரிசை ஸ்டேருக்கு அடியில், சுவர் பக்கமாக, ஒரு தலைகீழ் ஸ்டேர் வரிசை ஓட்டினால் கொடுங்கை போல் வளைந்து நிற்கும். முகப்பின் முக்கோணச் சுவரைக் கூரை விளிம்பிலிருந்து ஒரு பிளாக் உள்ளே தள்ளி நிரப்புங்கள்.

கேள்வி: வளைவு வாசல் போட்டால் பல் பல்லாக வருகிறது. அரைவட்ட ஆர்ச்சும் கூர் ஆர்ச்சும் எப்படிப் போடுவது?

7 பிளாக் திறப்பை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் நேராக ஏறி, வளையத் தொடங்கும் மட்டத்துக்கு ஸ்பிரிங்கிங் என்று பெயர். அரைவட்டத்துக்கு அந்த மட்டத்துக்கு மேல் திறப்பின் அகலம் வரிசை வரிசையாக 7, 5, 3. அதன் மேல் மூடல். கூர் ஆர்ச்சுக்கு 7, 7, 5, 5, 3, 1 என்று போங்கள்; ஒரே அகலத்தை இரண்டு வரிசை நீட்டுவதால்தான் உயரமாகத் தெரியும். 7, 5, 3, 1 என்று ஒவ்வொரு வரிசையாகக் குறைத்தால் வெறும் முக்கோணம்தான் வரும். அகலம் குறையும் ஒவ்வொரு உள்மூலையிலும் தலைகீழ் ஸ்டேர் வைத்தால் பல் மழுங்கும்.

உச்சியின் நடுக்கல் கீஸ்டோன். கல் ஆர்ச்சில் இரு பக்கக் கற்களையும் இறுக்கிப் பூட்டும் கடைசிக் கல் இது. திறப்பு இரட்டைப்படை அகலமானால் நடுவில் ஒற்றைக் கல்லுக்கு இடமே இருக்காது, இரண்டு கல் வைக்க நேரும். இன்னொரு தவறு, ஆர்ச்சை ஒரு பிளாக் தடிமனான சுவரில் போடுவது. ஆர்ச்சின் அழகு அதன் அடிவயிற்றில் இருக்கிறது. சுவர் அந்த இடத்தில் 2 பிளாக்காவது இருந்தால்தான் அது தெரியும்.

கேள்வி: பிளாக் எதுவும் விழுவதில்லையே. பிராக்கெட் (தாங்கி), பட்ரெஸ் எல்லாம் வீண் செலவு இல்லையா?

மணல், சரளை, கான்கிரீட் பவுடர் மாதிரி சில பிளாக்குகள் விழும். மற்றவை ஆகாயத்திலும் நிற்கும். அது விளையாட்டின் விதி. பார்ப்பவர் கண் வேறு விதியில் பழகியது. ஆறு பிளாக் நீண்ட பால்கனி எதன் மேலும் நிற்காமல் தொங்கினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் மனம் ஒட்டாது. உறுப்புகளின் பெயர்கள் உதவுவது இந்த இடத்தில்தான், ஒவ்வொரு பெயரும் ஒரு பாரத்தை எங்கே இறக்குவது என்ற கேள்விக்குப் பதில்.

பால்கனி 1 பிளாக் நீண்டால் எதுவும் வேண்டாம். 2 நீண்டால் அடியில், தூண் இருக்கும் நேரில், ஒரு தலைகீழ் ஸ்டேர். 3 நீண்டால் சுவரை ஒட்டி ஒரு முழுப் பிளாக், அதற்கு முன்னே தலைகீழ் ஸ்டேர், மேலே தளம். தூணின் தலையில் இருக்கும் போதிகையின் வேலையும் இதுவே. தாங்கியை ஜன்னலுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். பாரம் தூண் வழியே தரைக்கு இறங்க வேண்டும், கண்ணாடி வழியே இறங்கக் கூடாது. வரிசைக்கு வரிசை கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே போவது கார்பல். அடியில் எந்தத் தாங்கியும் இல்லாமல் உள்ளிருந்து நீள்வது கான்டிலீவர். கான்டிலீவர் வேண்டுமென்றால் தளத்தை 2 பிளாக் தடிமனாக்கி, அதே பொருள் வீட்டுக்குள்ளும் தொடர்வதுபோல் காட்டுங்கள், நம்பும்படி இருக்கும்.

பட்ரெஸ் என்பது சுவருக்கு வெளியே முட்டுக்கொடுக்கும் கட்டு. ஆர்ச்சும் வளைகூரையும் பாரத்தைக் கீழே மட்டும் அனுப்புவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராக நிற்பதுதான் பட்ரெஸ். ஆகவே அது அடியில் பருத்து மேலே மெலிய வேண்டும். 15 பிளாக் உயரச் சுவரில் கீழ் 6 பிளாக்குக்கு 3 வெளியே, அடுத்த 5-க்கு 2, மீதிக்கு 1. ஒவ்வொரு குறைப்பிலும் ஒரு ஸ்டேர் சாய்த்து மூடுங்கள். இதற்கு மாறாக மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாகப் போட்டால் அது தூண், பட்ரெஸ் ஆகாது. சுவரிலிருந்து விலகி நிற்கும் தூணிலிருந்து அரை ஆர்ச் ஒன்று பாய்ந்து மேல்சுவரைத் தொட்டால் அது பறக்கும் பட்ரெஸ். இரண்டு ஜன்னலுக்கு நடுவில்தான் வர வேண்டும்.

ஆர்ச் பாலத்துக்கும் இதே விதி. இரு கரையிலும் பருத்த முட்டுச் சுவர் இல்லாமல் ஆர்ச் நேராக மண்ணில் போய்ச் செருகினால் பாலம் மெலிந்து தெரியும்.

கேள்வி: மாடிப்படி ஏறும்போது நடுவில் தலை இடித்து நின்றுவிடுகிறது. மேல்தளத்தில் எவ்வளவு திறக்க வேண்டும்?

ஒவ்வொரு ஸ்டேருக்கும் மேலே 3 பிளாக் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அறையின் உள் உயரம் 4, மேல்தளத்தின் தடிமன் 1 என்றால் 5 ஸ்டேர் வேண்டும். ஐந்தாவது ஸ்டேர் தளத்தின் மட்டத்திலேயே உட்காரும். முதல் ஸ்டேருக்கு மேல் தளம் இருக்கலாம். 2, 3, 4-க்கு மேல் திறந்திருக்க வேண்டும். பலர் மூன்றாவதிலிருந்து திறக்கிறார்கள். இரண்டிலிருந்து மூன்றாவதுக்குக் கால் வைக்கும்போது உடம்பின் பெரும்பகுதி இன்னும் இரண்டாவதின் மேல்தான் இருக்கும், தலை அங்கே இடிக்கும்.

கேள்வி: சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடம் வைப்பது எப்படி? மூலைகள் எப்போதும் அந்தரத்தில் நிற்கின்றன.

வெளி அளவு 9-க்கு 9 அறை, சுவர் 1 பிளாக் தடிமன். 9 விட்ட வட்டத்தை வரிசையாக எழுதினால் 5, 7, 9, 9, 9, 9, 9, 7, 5. விளிம்பு மட்டும் 24 பிளாக். அதில் 20 சுவரின் மேலேயே உட்காரும். மிச்சம் 4 மட்டும் அறையின் நான்கு உள்மூலைகளுக்கு மேல் தொங்கும். நீங்கள் பார்க்கும் அந்தரம் அதுதான். ஒவ்வொன்றின் அடியிலும் மூலையை நோக்கி ஒரு தலைகீழ் ஸ்டேர் வைத்தால் தீர்ந்தது. மூலையைக் குறுக்கே மூடும் இந்த உறுப்புக்கு ஸ்குவின்ச் என்று பெயர். சுவரின் வெளிமூலைகளில் எல் வடிவில் மூன்று மூன்று பிளாக் வெளியே தெரியும், ஸ்லாப்பால் மூடிவிடுங்கள்.

முதல் அடுக்கு மேலே சொன்ன வட்டம். இரண்டாவது 3, 7, 7, 9, 9, 9, 7, 7, 3. மூன்றாவது 5, 7, 7, 7, 7, 7, 5. இந்த மூன்றிலும் விளிம்பு மட்டும். நான்காவது 3, 5, 7, 7, 7, 5, 3. இதில் நடு 3-க்கு 3-ஐ மட்டும் விட்டு மற்றதை நிரப்புங்கள், 28 பிளாக் ஆகும். ஐந்தாவது 3-க்கு 3 மூடி. கணக்குப்படி சரியான கோளம் வரைந்தால் மூன்றாவது, ஐந்தாவது அடுக்குகளில் நான்கு பக்கமும் ஒற்றைப் பிளாக் மொட்டுகள் துருத்தும். அவற்றை இங்கே நீக்கியிருக்கிறோம், அவை கணக்குக்குச் சரி, கண்ணுக்குச் சரியல்ல. 9-க்குக் குறைந்த விட்டத்தில் குவிமாடம் எண்கோணமாகத்தான் தெரியும்.

பெரிதாகப் போக விரும்பினால் ரோமின் பாந்தியன் நல்ல மாதிரி. உள்விட்டம் சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதே அளவு. உள்ளே ஒரு முழுக் கோளம் அடங்கும். உச்சித் துளை சுமார் 9 மீட்டர். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பதால் இந்த எண்களை அப்படியே பிளாக்காக எடுத்துக்கொள்ளலாம். கீழ்ப்பாதி உருளைச் சுவர், மேல்பாதி குவிமாடம்.

கேள்வி: கோட்டை மதில் 2 பிளாக் உயர்த்தியும் சிலந்தி ஏறி உள்ளே வருகிறது.

சிலந்திக்கு உயரம் பொருட்டல்ல, நேர்ச் சுவரில் எவ்வளவும் ஏறும். வெளியே நீட்டிய விளிம்பைத்தான் அதனால் தாண்ட முடியாது. மதிலின் உச்சியில் ஒரு பிளாக் வெளியே தள்ளிய வரிசையை இடைவெளியின்றிச் சுற்றிலும் ஓட்டுங்கள். அடியில் இரண்டு பிளாக்குக்கு ஒன்றாகத் தலைகீழ் ஸ்டேர் வைத்தால் பழைய கோட்டைகளின் மேச்சிகொலேஷன் தோற்றம் வந்துவிடும். அதில் எதிரி மேல் கல் போட அடியில் துளைகள் இருக்கும். நீங்கள் துளை விட்டால் சிலந்தியும் வரும், விடாதீர்கள்.

மேலே பல் பல்லாக நிற்பதில் உயர்ந்த பகுதி மெர்லன், பள்ளம் கிரெனல். மெர்லன் 2, கிரெனல் 1 என்ற கணக்கு நன்றாக இருக்கும். இரு முனையிலும் மெர்லனில் முடிய மதிலின் நீளம் 11, 14, 17, 20 என்று மூன்று மூன்றாகக் கூட வேண்டும். நடைபாதையின் உள்பக்கக் கைப்பிடிக்கு ஒரே ஒரு ஃபென்ஸ் போதும். பார்க்க ஒரு பிளாக்தான், ஆனால் தடுப்பது 1.5 பிளாக், குதிப்பு 1.25-க்கு மேல் போகாது.

கேள்வி: மரவீட்டில் கணப்பு அடுப்பு வைத்தால் எரிந்துவிடுகிறது. புகைபோக்கியை எங்கே வைப்பது?

நெதர்ராக்கில் (நெதர் எனும் பாதாள உலகின் செந்நிறக் கல்) மூட்டிய தீ அணையாது, அருகில் இருக்கும் பலகைக்கும் தாவும். கேம்ப்ஃபயர் (விறகுத் தீ பிளாக்) போடுங்கள், அது பரவாது. புகைபோக்கியை முக்கோணச் சுவரின் வெளியே ஒரு பிளாக் தள்ளி, தரையிலிருந்தே செங்கல்லில் எழுப்புங்கள். கூரையின் நடுவில் திடீரென முளைத்தால் அது அடுப்போடு சேராது. முகட்டைவிட 2 பிளாக் உயரட்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே இன்னொரு கேம்ப்ஃபயர் வைத்தால் புகை சுமார் 10 பிளாக் எழும். அதன் அடியில் வைக்கோல் கட்டு வைத்தால் அதைவிட இரு மடங்குக்கு மேல்.